ப்ளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு வருஷம்: நான் பார்த்த வேலைகளும் எடுத்த முடிவும்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அக்கா, எந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கு?" என்பதுதான். இதற்கு என்னிடம் நேரடிப் பதில் கிடையாது. துறைக்கு எதிர்காலம் இருப்பது வேறு, அந்தத் துறைக்குள் போய் நீங்கள் தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து செய்யப்போகும் காரியம் வேறு. முதல் விஷயத்தைப் பற்றிப் பேச ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி அந்த வேலையில் இருப்பவர்கள்தான் பேச முடியும், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. நான் அதைக் கேட்டும், கூடவே உட்கார்ந்து பார்த்தும்தான் என் வேலையைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். அந்த வருஷத்தில் என்ன செய்தேன், எதை வைத்து முடிவெடுத்தேன் என்று விவரமாக எழுதினால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

நான் ப்ளஸ் டூ முடித்தது 2017-இல். அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பது இப்போது படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதற்கு முன்பு வரை தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் எம்பிபிஎஸ் இடம். நாங்கள் படித்ததும் அந்தக் கணக்கில்தான். நீட் வருமா, இந்த ஒரு வருஷத்துக்காவது விலக்கு கிடைக்குமா என்று கோடை முழுக்க இழுபறி. விலக்கு வந்துவிடும், அவசரப்பட்டு வேறு எதிலும் சேர வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நீட் மதிப்பெண்படிதான் சேர்க்கை என்று சொல்லிவிட்டது. பொறியியல் கலந்தாய்வு அதற்குள் முடிந்திருந்தது. கலைக் கல்லூரிகளில் வகுப்புகள் தொடங்கி மாதக் கணக்காகிவிட்டது. என்னைப் போலக் காத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம்.

எங்கள் வீடு அவிநாசி பக்கம். அப்பா தறி ஓட்டினார், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். "ஒரு வருஷம் போச்சே" என்று வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பது மாதிரி விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுபடி நீட் எழுத கோச்சிங் என்றால் அதற்குப் பணம் இல்லை. அம்மாதான் சொன்னார், "சும்மா உக்காந்து அழுகாத கண்ணு, எங்க கம்பெனிக்கு வா, ஆபீஸ்ல ஆள் கேக்கறாங்க." அப்படித்தான் தொடங்கியது. இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். அன்றைக்கு என்ன செய்தேன், எந்த நேரம் ஓடியதே தெரியவில்லை, எந்த நேரம் நகரவே இல்லை என்று ராத்திரி நாலைந்து வரி எழுதுவேன். பின்னால் முடிவெடுக்கும்போது வேறு யார் சொன்ன ஆலோசனையைவிடவும் அந்த நோட்டுதான் உதவியது.

முதலில் பனியன் கம்பெனி. ஆர்டரை ஆரம்பத்திலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் ஆபீஸில் உதவியாளர் வேலை. வெளியில் இருந்து பார்த்தால் ஏசி அறை, கம்ப்யூட்டர், இங்கிலீஷ் மெயில், நல்ல வேலைதான். உள்ளே போனால் நாள் முழுக்கத் துரத்துவதுதான் வேலை. ஒரு ஆர்டர் கையில் இருக்கிறது என்றால் நூல் வர வேண்டும், நிட்டிங் போக வேண்டும், சாயம் ஏறி வர வேண்டும், பிரிண்டிங், அப்புறம் லேபிள், பட்டன், பாலி பேக், அட்டைப் பெட்டி, எல்லாம் ஷிப்மென்ட் தேதிக்குள் ஒரே இடத்தில் சேர வேண்டும். இதில் ஒன்றுகூட மெர்ச்சண்டைசர் கையில் இல்லை, ஆனால் எது தாமதமானாலும் பையர் கேட்பது மெர்ச்சண்டைசரைத்தான். சாயப்பட்டறைக்காரர் "நாளைக்கு வந்துரும்ங்க" என்பார், அந்த நாளை எந்த நாளை என்று கண்டுபிடிப்பதுதான் திறமை. எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா இருந்தார், ஒரே நேரத்தில் இரண்டு போன் பேசிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, எல்லாரையும் அண்ணா அண்ணா என்று சொல்லியே வேலை வாங்கிவிடுவார். ஒரு ஷிப்மென்ட் தப்பிக்கும்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கென்றே பிறந்தவர். எனக்கு அந்தப் போன் பேச்சில் வயிறு கலங்கும்.

ஆனால் அதே ஆபீஸில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று இருந்தது. சாம்பிள் பீஸ் வந்ததும் டேபிளில் விரித்து டேப் வைத்து அளக்க வேண்டும். மார்பு அளவு என்றால் அக்குள் தையலுக்குக் கீழே ஒரு இன்ச் விட்டு எடுக்க வேண்டும், துணியை இழுக்கவும் கூடாது, சுருங்கவும் விடக் கூடாது. பையர் கொடுத்த அளவுப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எது வரம்பைத் தாண்டுகிறதோ அதைக் குறித்து வைக்க வேண்டும். துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பதும் அப்படித்தான். வட்டமான கட்டர் ஒன்று இருக்கும், அழுத்தித் திருகினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு விழும். அதை எடைபோட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், 1.8 கிராம் என்றால் 180. கேட்டது 180, வந்தது 168 என்றால் அந்த ரோல் திரும்பப் போகும். மற்றவர்களுக்கு இது சலிப்பான வேலை, என்னிடம் தள்ளிவிடுவார்கள். மத்தியானம் உட்கார்ந்தால் டீ வந்தது கூடத் தெரியாமல் செய்துகொண்டிருப்பேன். நோட்டில் இதைத் தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தேன்.

பனியனிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டபோது அப்பா கண்டிப்பாக வேண்டாம் என்றார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் திருப்பூரில் எத்தனை வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம் நின்றது என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்கும் அப்போது வேலை இல்லை. பெரியவர்கள் ஒரு துறையை வேண்டாம் என்று சொல்லும்போது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு அனுபவம் இருக்கிறதா, அல்லது யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வகை என்றால் முழுதாகக் கேளுங்கள். அதற்காக அப்படியே கீழ்ப்படிய வேண்டும் என்று இல்லை, ஆனால் அதில் உண்மை இருக்கும்.

அடுத்து ஆடிட்டர் ஆபீஸ். 2017 ஜூலை 1-ஆம் தேதிதான் ஜிஎஸ்டி வந்திருந்தது. ஊரில் எல்லா ஆடிட்டர் ஆபீஸிலும் ஆள் பற்றாக்குறை, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றத் தெரிந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதங்களில் அங்கே இருந்தது பெரிய பாடம். வலைத்தளம் திணறும், கடைசித் தேதி தள்ளிப்போகும், அதைச் சொல்வதற்குள் வேறு அறிவிப்பு வரும், கையில் பில் கட்டோடு வாசலில் வியாபாரிகள் நிற்பார்கள். மாதக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி நெருங்கினால் ராத்திரி ஒன்பது பத்து ஆகிவிடும். அதே ஆபீஸுக்கு மாதத்தின் கடைசி வாரத்தில் போனால் அமைதியாக இருக்கும். அதனால் யாராவது ஒரு வேலையைப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றால், தயவுசெய்து நெருக்கடி நாளிலும் ஒரு முறை, சாதாரண நாளிலும் ஒரு முறை பாருங்கள் என்று சொல்வேன். நெருக்கடி நாளை மட்டும் பார்த்தால் பயந்து ஓடிவிடுவோம், சாதாரண நாளை மட்டும் பார்த்தால் சொகுசு என்று நினைத்துவிடுவோம்.

அங்கே ஆர்டிகல்ஷிப், அதாவது சிஏ படிப்பவர்கள் ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சி, செய்துகொண்டிருந்த ஒரு அண்ணன் சிஏ படிப்பைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ப்ளஸ் டூ முடித்தால் ஃபவுண்டேஷன் எழுதலாம், அப்புறம் இன்டர், ஆர்டிகல்ஷிப், ஃபைனல். அப்போது ஆர்டிகல்ஷிப் மூன்று வருஷம், 2023-இல் வந்த புதிய முறையில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. ஆனால் எந்தப் படியில் எத்தனை முறை நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. "வீட்ல உன் சம்பளத்தை எப்ப எதிர்பார்க்கறாங்கன்னு மொதல்ல கேட்டுக்கோ, அதுக்கப்புறம் சிஏவைப் பத்தி யோசி" என்றார். எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனைகளில் ஒன்று அது. அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன், எத்தனை வருஷம் என்னைப் படிக்கவைக்க முடியும் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நாலு வருஷம், அதுக்கு மேல தம்பி வந்துடுவான் என்றார். அந்த "நாலு வருஷம்" என்ற எல்லை தெரிந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இந்தக் கேள்வியை வீட்டில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெற்றோர் மனசுக்குள் ஒரு கணக்கு எப்போதும் இருக்கும், நாம் கேட்டால்தான் வெளியே வரும்.

ஆடிட்டர் ஆபீஸிலும் எனக்குப் பிடித்த வேலை பில் ஏற்றுவது இல்லை, வங்கிக் கணக்கையும் டேலியையும் ஒத்துப் பார்ப்பது. வித்தியாசம் 450 ரூபாய் என்று வரும். எங்கே என்று தேடித் தேடிப் பிடித்தால் ஏதோ ஒரு வங்கிக் கட்டணம், அல்லது 540 என்பதை யாரோ 990 என்று ஏற்றியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கிற வரை எழுந்திருக்க மனசு வராது. மறுபடியும் நோட்டில் கோடு.

நவம்பரில் குரூப் 4 அறிவிப்பு வந்தது. முதல் முறையாக விஏஓ பணியிடங்களையும் குரூப் 4-உடன் சேர்த்து, ஒன்பதாயிரத்துச் சொச்சம் இடங்கள். ஊரே படித்தது. பெரியப்பா மகள் விண்ணப்பம் போட்டார், நானும் அவரோடு கிளை நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். எனக்கு அந்தத் தேர்வை எழுதத் தகுதி இல்லை, ஜூலை 1-ஆம் தேதி கணக்குக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், எனக்கு முடியவில்லை. விஏஓ பதவிக்கு 21. இதைத் தெரிந்துகொள்ளாமல் ப்ளஸ் டூ முடித்த கையோடு கோச்சிங் சென்டரில் பணம் கட்டிய பிள்ளைகளை அங்கே பார்த்தேன். அறிவிப்பின் முதல் நாலு பக்கத்தைப் பொறுமையாகப் படித்தாலே வயது, கல்வித் தகுதி, இட ஒதுக்கீடு எல்லாம் இருக்கும். டைப்பிஸ்ட் பதவி வேண்டும் என்றால் தட்டச்சுத் தேர்வு முடித்திருக்க வேண்டும், அதற்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் கோச்சிங் விளம்பரத்தில் வராது.

நூலகத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்ப் புத்தகங்களை மறுபடி படித்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் பார்க்க விரும்பியது தேர்வுக்கு அப்புறம் இருக்கும் வேலையை. வருமானச் சான்றுக்காக விஏஓ அலுவலகம் போனபோது காலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சிட்டா, அடங்கல், பட்டா மாறுதல், இரண்டு அண்ணன் தம்பிகளின் வரப்புச் சண்டை, வாரிசுச் சான்றுக்கு அழுதுகொண்டே வந்த ஒரு அம்மா. அந்த விஏஓ எல்லாரிடமும் நின்று பேசி, யாரையும் அதட்டாமல் அனுப்பினார். மனிதர்களோடு நாள் முழுக்கப் பேசும் பொறுமை வேண்டும், ஊர் அரசியலுக்கு நடுவில் நிற்கும் துணிச்சல் வேண்டும். பெரியப்பா மகளுக்கு அது இரண்டும் உண்டு. 2018 பிப்ரவரி 11-ஆம் தேதி அந்தத் தேர்வை எழுத 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்திருந்தார்கள். அக்காவுக்கு அப்போது கிடைக்கவில்லை, அடுத்த தேர்வில் தேறி இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறார். அவர் காத்திருந்த காலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டேதான் படித்தார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லாரும் இப்படி ஒரு பிடிமானம் வைத்துக்கொள்வது நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வருஷக் கணக்கில் முழு நேரமாக இதற்கே உட்கார்ந்து, முப்பதை நெருங்கும்போது கையில் எதுவும் இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

லேபைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது இதற்கெல்லாம் நடுவில் வந்தது. 2017 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க டெங்கு. தம்பிக்கும் வந்தது. மருத்துவமனையில் காலையும் மாலையும் ரத்தம் எடுப்பார்கள், பிளேட்லெட் எவ்வளவு என்று ரிப்போர்ட் வரும் வரை நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எதையும் சொல்வார். அந்த எண்ணை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. லேப் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பது தெரியும். வெளியில் அத்தனை கூட்டம், உள்ளே அவர் ஒரே நிதானத்தில் எண்ணிக்கொண்டிருப்பார். தம்பி தேறி வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்த ஜன்னல் நினைவிலேயே இருந்தது.

குரூப் 4 தேர்வுப் பரபரப்பு எல்லாம் அடங்கிய பிறகு அங்கேயே போய் அந்த அக்காவிடம் கேட்டேன். என் தம்பி இங்கே இருந்தான், நீங்கள் செய்யும் வேலையைப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன், ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைக்குமா என்று. அவர் பேத்தாலஜிஸ்ட் டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். எதையும் தொடக் கூடாது, நோயாளி பெயரோ ரிப்போர்ட்டோ வெளியில் பேசக் கூடாது, காலை ஆறரைக்கு வர வேண்டும் என்று மூன்று நிபந்தனை. இதைச் சொல்வதற்குக் காரணம், பலர் "எங்களை யார் உள்ளே விடுவார்கள்" என்று கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். நான் கேட்ட இடங்களில் சில பேர் மறுத்தார்கள், சில பேர் சந்தோஷமாகக் காட்டினார்கள். தன் வேலையைப் பற்றி ஒரு சின்னப் பெண் அக்கறையாகக் கேட்கிறாள் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பேசப் பிடிக்கும். இப்போது லேபில் இருக்கும் எனக்கும் பிடிக்கிறது.

ஆறரை மணிக்கு ஏன் வரச் சொன்னார் என்பது போன பிறகு புரிந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிற கூட்டம் அப்போதுதான். ரத்தம் எடுப்பதற்கு முன்பே மெஷினைச் சோதிக்க வேண்டும். அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரியை ஓட்டி, மெஷின் அதே எண்ணைத் தருகிறதா என்று பார்த்து, வரம்புக்குள் இருந்தால்தான் நோயாளி சாம்பிளைத் தொடுவார்கள். எனக்கு உடனே ஜிஎஸ்எம் கட்டர் நினைவுக்கு வந்தது. ஊதா மூடி டியூப் ரத்த அணுக்களுக்கு, சாம்பல் மூடி சர்க்கரைக்கு, வெளிர் நீல மூடி ரத்தம் உறையும் நேரம் பார்க்க, அதில் கோடு வரைக்கும் சரியாக ரத்தம் நிரம்பாவிட்டால் முடிவே மாறிவிடும். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் சிதைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஒவ்வொன்றையும் அக்கா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருந்த ஒரு அம்மாவின் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் வெறும் 22 ஆயிரம் என்று மெஷின் காட்டியது. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். ஆபரேஷன் நின்றுபோக வேண்டிய எண் அது. அக்கா அதை அப்படியே அனுப்பவில்லை. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ என்ற ரசாயனம் சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்துவிடும், மெஷின் கொத்தை எண்ணத் தெரியாமல் குறைவாகக் காட்டும். நீல மூடி டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டி, அதில் இருக்கும் திரவத்துக்காக 1.1 ஆல் பெருக்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார், ஆபரேஷன் நடந்தது. அந்த அம்மாவுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது. துணி அளந்தபோதும், 450 ரூபாயைத் தேடியபோதும் என்னை எழுந்திருக்க விடாத அதே வேலை இங்கேயும் இருந்தது, ஆனால் இங்கே அதன் மறுமுனையில் ஒரு உயிர் இருந்தது.

இதைத்தான் நான் எல்லாரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஜவுளி, கணக்கு, அரசு, மருத்துவம் என்று பெயர்களை வரிசையாக வைத்து எது எனக்குப் பிடிக்கும் என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வொரு இடத்திலும் எந்தச் சின்னக் காரியம் உங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு அது ஆட்களைச் சமாளிப்பதாக இருக்கும், ஒருவருக்குப் பழுதான பொருளைப் பிரித்து மாட்டுவது, ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. அது தெரிந்துவிட்டால், அந்தக் காரியம் அதிகமாக இருக்கும் துறை எது, அதில் நம் வீட்டுப் பணத்துக்கும் வருஷத்துக்கும் அடங்குவது எது என்று தேடுவது எளிது.

முடிவெடுத்த பிறகும் அக்கா என்னை விடவில்லை, கெட்டதையும் கேட்டுக்கொண்டு போ என்றார். நைட் ஷிஃப்ட் உண்டு, பண்டிகை நாளில் லீவு கிடைக்காது. ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதனால் படிக்கும்போதே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிட வேண்டும். தனியார் லேபில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ஐடிக்குப் போகும் தோழிகளோடு ஒப்பிட்டால் வருத்தமாக இருக்கும். அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வரும், ஆனால் எப்போது அறிவிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டும். அந்த லேபில் வேலையை விட்டுவிட்டு மருந்துக் கம்பெனிப் பக்கம் போன ஒரு அண்ணனின் எண்ணையும் கொடுத்து, அவரிடமும் பேசு என்றார். பேசினேன். நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் போனேன், வேலை மேல் வெறுப்பு இல்லை என்றார். விட்டுப் போனவர் ஒருவரிடமாவது பேசாமல் எதிலும் சேராதீர்கள். அவர்கள் சொல்லும் காரணம் உங்களுக்கும் பொருந்துமா என்று மட்டும் யோசித்தால் போதும்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஏமாற்றுவோர் அதிகம். ஒரே அறையில் நாலு நாற்காலி போட்டுக்கொண்டு டிஎம்எல்டி (லேப் டெக்னீசியன் டிப்ளமோ) என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்கள் ஏராளம். ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து, இன்றைக்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் முன்பணத்தையும் கொடுத்தால் கட்டணத்தில் சலுகை என்றார். அப்பா கொடுத்துவிடும் நிலையில் இருந்தார், அக்காவிடம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று அனுப்பினோம். அந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கிறது, சான்றிதழ் யார் பெயரில் வரும், பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். அரசு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு மூலம் பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளுக்குத் தனியாகக் கலந்தாய்வு நடக்கிறது, 2018-இல் நான் விண்ணப்பித்தபோது அதற்கு நீட் தேவைப்படவில்லை, ப்ளஸ் டூ மார்க்தான். எங்கள் பள்ளியில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. ரேடியோகிராபி, டயாலிசிஸ், ஆப்டோமெட்ரி, கார்டியாக் டெக்னாலஜி என்று அதில் எத்தனையோ இருக்கின்றன. 2018-இல் விண்ணப்பித்தேன், கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அப்பா சொன்ன நாலு வருஷம்.

நடுவில் கொரோனா வந்து, ஆர்டிபிசிஆர் என்ற வார்த்தையை ஊரே பேசியபோது, என்ன படிக்கிறாய் என்று கேட்டு முகம் சுளித்த சொந்தக்காரர்கள் போன் பண்ணி ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கேட்டார்கள். 2021-இல் எங்களைப் போன்றவர்களுக்குத் தேசிய அளவில் தனிச் சட்டமும் வந்தது. இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று அரசே வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடத்துகிறது, 2017-இல் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்று நினைப்பேன். அதற்குப் போகிறவர்கள் கையேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், அதில் பிடித்ததாகத் தெரியும் இரண்டு மூன்று வேலைகளில் இருப்பவர்களை உங்கள் ஊரிலேயே தேடிப் போய்ப் பாருங்கள்.

போகும்போது சம்பளம் எவ்வளவு என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இந்த வாரத்தில் எது உங்களை ரொம்பப் படுத்தியது, புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் என்ன செய்வார், பத்து வருஷம் ஆனவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். சம்பளம் அவர்களே சொல்வார்கள். திரும்பி வந்ததும் அன்று ராத்திரியே எழுதி வையுங்கள், மறுநாள் ஆனால் நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி நினைவு வைத்துக்கொள்வோம்.

எங்கள் லேபில் இப்போது டாக்டரிடம் அனுமதி வாங்கி, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் விடுமுறையில் வந்து பார்க்கிறார்கள். எனக்கு வைத்த அதே மூன்று நிபந்தனைதான். போன வருஷம் வந்த ஒரு பெண் இரண்டாவது நாளே, "அக்கா, இந்த ரூம்ல நாள் பூரா யாரோடயும் பேசாம என்னால இருக்க முடியாது" என்றாள். ரத்தம் எடுக்கும் இடத்தில் குழந்தைகள் அழுதால் அவள்தான் ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுத்துச் சமாதானப்படுத்துவாள் என்பதை நானும் கவனித்திருந்தேன். பிசியோதெரபி பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினேன், பக்கவாதம் வந்தவர்களை நடக்கவைப்பதை ஒரு வாரம் பார்த்தாள். இப்போது பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப் படிப்பில் முதல் வருஷம் படிக்கிறாள்.